பச்சை சிலிண்டரும் பரிமளாவின் குளிரும்

வீரமணியின் குட்டி யானை வண்டி தெருவுக்குள் திரும்பினால் நாய்கூடக் குரைக்காது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய நீளப் பெட்டியைப் பார்த்ததும் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து உள்ளே போவார்கள். போய், கட்டிலில் கிடக்கும் கிழத்துக்கு மூச்சு வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் செத்தது யார் என்று விசாரிப்பார்கள். ஜெயங்கொண்டத்தில் அவருக்குப் பெயர் ஐஸ்பொட்டி. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது மட்டும் வீரமணி.

செத்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். அந்தத் தொழிலில் சில ஒழுங்குகள் உண்டு. காபி கொடுத்தால் குடிக்கக் கூடாது. பெரும்பாலும் யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. எழவு வீட்டில் யாருமே அப்படிச் சொல்வதில்லை. அதிலும் ஐஸ்பொட்டிக்காரன் திரும்பி வருகிறேன் என்று சொன்னால் அடுத்தது யார் என்று ஆளாளுக்கு மூஞ்சியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் வேலை முடிந்ததும் பெட்டியை ஏற்றுவார், தார்ப்பாயைக் கட்டுவார், ஆள் இருக்க மாட்டார்.

வருடக்கணக்கில் இப்படிப் பழகியதில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையை வாங்காமலே நழுவிவிடுவார். சொந்த வீட்டிலிருந்தும் அப்படியே.

"எழவு வூட்டுலேருந்து கெளம்புறாப்ல கெளம்புறீங்களே, நான் என்ன செத்தா கெடக்குறேன்?" என்று அவர் மனைவி பரிமளா கத்துவாள். அதற்குள் வண்டி தெருமுனை தாண்டியிருக்கும்.

வீரமணி பிறந்தது ரஞ்சன்குடியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு இவரை விட்டதா, இவர் படிப்பை விட்டாரா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. பெரம்பலூரில் ஒரு ஃப்ரிட்ஜ் கடையில் தொழில் பழகி, ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே ஊரான் படுக்கிற அறைகளைக் குளிர வைப்பதற்காக மொட்டை மாடிகளில் வெந்தார். ஒரு சித்திரை மாதம் அம்மா பஞ்சவர்ணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததாக போன் வந்தது. லீவு வாங்கி, டிக்கெட் வாங்கி, ஊர் வந்து சேரும்வரை வெயில் காத்திருக்கவில்லை. நாற்றம் வந்துவிடும் என்று பங்காளிகள் எடுத்துவிட்டார்கள். நேராகச் சுடுகாட்டுக்குப் போனவருக்குச் சாம்பலைத்தான் காட்டினார்கள். அண்ணன் செல்போனில் எடுத்து வைத்திருந்த ஒரு போட்டோவையும் காட்டினான். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, அதுவும் ஆடிப்போன படம். அதில் அம்மா யார் மாதிரியோ இருந்தாள்.

வீரமணி அப்புறம் ஷார்ஜாவுக்குப் போகவில்லை. கையில் இருந்ததைப் போட்டுத் திருச்சியிலிருந்து ஒரு பழைய ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டு வந்தார். பிள்ளை வந்து சேரும்வரை அம்மா முகம் அம்மா முகமாகவே இருக்க வேண்டும். அவர் கற்ற படிப்பெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான்.

பெட்டி பழசு என்பதால் அதற்குள் ஓடும் கேஸும் பழசு. ஆர் 22 என்று பெயர். மணம் கிடையாது, நிறம் கிடையாது, தீப்பிடிக்காது, சொன்ன வேலையைச் செய்யும். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்றுதான் மெக்கானிக்குகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்புறம்தான் மாப்பிள்ளையின் லட்சணம் தெரிந்தது. திருச்சியில் மெக்கானிக்குகளுக்கு ஓர் இலவச வகுப்பு நடந்தது. மதியம் பிரியாணி என்று கேள்விப்பட்டு வீரமணியும் போனார். வானத்துக்கு மேலே போர்வை மாதிரி ஒன்று இருக்கிறது, வெளியே விடுகிற இந்த கேஸ் மேலே போய் அதைக் கரையான் மாதிரி அரிக்கிறது என்று வகுப்பெடுத்த சார் சொன்னார். உலக நாடுகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டன. தயாரிக்கிற அளவு படிப்படியாகக் குறையும். கப்பலில் கொண்டு வருவதற்கு லைசென்ஸ் வேண்டும். புது மிஷினில் இனி இதைப் போடவே கூடாது. பழசுக்கு மட்டும் அளந்து கொஞ்ச காலம் கிடைக்கும்.

"சார், பழைய மிஷின் வச்சிருக்கவன் என்ன பண்றது?" என்று வீரமணி கேட்டார்.

"புது மிஷின் வாங்கணும்" என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். வீரமணியும் சேர்ந்து சிரித்துவைத்தார். சொன்னதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. வானத்துப் போர்வை கிழிந்தால் என்ன ஆகும் என்பது மொட்டை மாடியில் நின்றவனுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து பழைய ஏசிகளைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடித்துவைக்க ஆரம்பித்தார். வகுப்பில் கொடுத்த பனியனையும் விடாமல் போட்டார். பூமி உருண்டை குடை பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம், கீழே 'ஓசோனைக் காப்போம்'. செந்துறைப் பக்கம் ஓர் எழவு வீட்டில் ஒரு பெரியவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது எந்தக் கட்சி தம்பி? நம்ம பக்கம் கிளை இருக்கா?" என்று கேட்டார். சிரிக்கக் கூடாத இடம் என்பதால் வீரமணி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பெட்டிக்கு ஒரு வியாதி இருந்தது. அரியலூர்ச் சாலைகள் சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்டவை. வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பெட்டியின் செம்புக் குழாய் மூட்டு தளர்ந்து கேஸ் கசியும். முன்பெல்லாம் மூட்டை இறுக்கி, கேஸ் அடித்து, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இந்தச் சித்திரையில் கசிந்தபோது பிடித்துவைத்த சிலிண்டரும் காலியாக இருந்தது. திருச்சிக் கடையில் கேட்டால் இல்லை, கும்பகோணத்தில் கேட்டால் அடுத்த மாதம். கடைசியில் பெரம்பலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தமிழ்மாறனிடம் போய் நின்றார்.

"இருக்குண்ணே, உங்களுக்கு இல்லாததா?" என்று தமிழ்மாறன் உள்ளேயிருந்து ஒரு சிலிண்டரை உருட்டி வந்தான். ஆர் 22-க்கு உரிய அதே இளம்பச்சை. மேலே எந்த ஊருடையது என்று தெரியாத எழுத்து.

"எங்கேருந்துடா வருது?"

"கப்பல்ல வருது."

"லைசென்ஸ் இருக்கா?"

"கப்பலுக்கு இருக்குண்ணே" என்று தமிழ்மாறன் சிரித்தான்.

வீரமணி சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். சீல் உடையாத சிலிண்டர், ஆனால் கை எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. அந்த இடத்தில் அவர் யோசித்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எப்படிச் சோதிப்பது என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள். ஆனால் அதே நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. தா.பழூரில் அமிர்தவல்லி என்கிற அம்மா விடியக்காலையில் இறந்துவிட்டார், மகள் பூவிழி குவைத்தில் நர்ஸ், நாளைக் காலையில்தான் வந்து சேர முடியும், பெட்டி உடனே வேண்டும். மகள், குவைத் என்று இரண்டு சொல் காதில் விழுந்ததும் அவருக்குச் சிலிண்டரின் எடை மறந்துபோனது. மறந்துபோனது என்று சொல்வதுதான் மரியாதை. உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து மூட்டை இறுக்கி அந்த கேஸை அடித்துக்கொண்டு கிளம்பினார்.

தா.பழூர் வீட்டில் இறந்தவரின் கணவர் அங்கமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நெல் விவசாயி, பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து அவர் தங்கை சுந்தராம்பாள் பேசினாள்.

"வாசல்ல இடிக்காம தூக்குங்கப்பா. உசுரோட இருக்கறப்ப எங்கண்ணி நெல்லு மூட்டைய ஒத்தையா தூக்குவா, நீங்க நாலு பேரு ஒரு பொட்டியத் தூக்க முக்குறீங்க."

தலை தெற்கே இருக்க வேண்டும். வீட்டில் பெட்டியின் மிஷினைத் தாங்கும் பிளக் தெற்குச் சுவரில்தான் இருந்தது. அதனால் மிஷின் இருக்கும் முனை தலைமாட்டுக்கு வந்தது. தலைமாட்டில் நெல் நிரப்பிய படியும் அதன் பக்கத்தில் காமாட்சி விளக்கும். உடலை எடுக்கும்வரை அந்த விளக்கு அணையக் கூடாது. சுந்தராம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். மிஷினுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். தீப்பிடிக்காத கேஸ் என்பதால் வீரமணி அதைக் கண்டுகொண்டதே இல்லை.

பெட்டி என்றைக்கும் இல்லாதபடி குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மூடி பனி பூத்தது. அதைப் பார்த்து மனம் நிறைந்து, டீக்கடைக்குப் போனார். பாதி டீயில் அரியலூர் ஏசி மெக்கானிக் அரவிந்தனிடமிருந்து போன்.

"அண்ணே, மாறன்கிட்ட சிலிண்டர் எடுத்தீங்களா?"

"ஆமாடா. சூப்பரா குளுருது."

"குளுரும்ணே. அத முதல்ல நிறுத்துங்க. நேத்து ஒரு மண்டபத்து ஏசிக்கு அடிச்சுட்டு பக்கத்துல குழாய்க்கு வெல்டிங் வெச்சேன். குப்புன்னு புடிச்சுக்கிச்சு. ரெண்டு கையும் கட்டு. என் பொண்டாட்டிதான் போன காதுல வெச்சுப் புடிச்சிருக்கா."

"ஆர் 22 எப்புடிடா பத்தும்?"

"அது ஆர் 22-ன்னா பத்தாதுண்ணே. சமையல் கேஸ் சாதிய அடைச்சு வித்திருக்கானுவ."

வீரமணி டீயை வைத்துவிட்டு வண்டிக்கு வந்தார். கடைக்குப் பின்னால் கிடந்த இளநீர்க் கூட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பச்சை சிலிண்டரின் குழாயை அதற்குள் விட்டு, கொஞ்சமாகத் திறந்தார். நுரை பொங்கியது. சிலிண்டரைத் தூரமாக வைத்துவிட்டு வந்து, தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார். நுரை முழுவதும் நீலமாக எழுந்து, அவர் புருவத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

அந்த வீட்டை நோக்கி அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், ஐஸ்பொட்டிக்காரன் ஓடி இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். வாசலில் இருந்த மெயின் சுவிட்சை முதலில் அணைத்தார். மின்விசிறி நின்றது. உள்ளே நுழைந்து, "வெளக்க அணைங்கம்மா" என்றார்.

சுந்தராம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்ன சொன்ன?"

"வெளக்க அணைச்சுட்டு எல்லாரும் வெளிய வாங்க. பொட்டியில போட்ட கேஸு சரியில்ல. கசிஞ்சா தீப்புடிக்கும்."

"பொணத்துத் தலமாட்டுல வெளக்க அணைக்கச் சொல்றியா? எந்த ஊருய்யா நீ? ஒன் ஆயி தலமாட்டுல அணைச்சியா?"

வீரமணி தன் அம்மாவின் தலைமாட்டைப் பார்த்ததே இல்லை. "ஏமாந்துட்டேன்மா. எம்மேலதான் தப்பு. அப்பறம் அடிங்க. இப்ப அணைங்க" என்று கும்பிட்டார்.

சுவரோரம் இருந்த அங்கமுத்து எழுந்து வந்தார். குனிந்து, திரியை இரண்டு விரலால் நசுக்கினார். சுட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. புகை ஒரு கோடாக எழுந்ததைப் பார்த்துப் பெண்கள் வைத்த ஓலம், காலையில் வைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கி, கெட்ட கேஸை வெட்டவெளியில் விட்டார்கள். அமிர்தவல்லியைப் பெஞ்சில் கிடத்திச் சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கினார்கள். அவசரத்துக்கு மீன் கடையில்தான் கிடைத்தது. "எங்கண்ணி என்ன வஞ்சரமா?" என்று சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகச் சித்திரை வெயில் பெஞ்சுக்கால் வரை வந்துவிட்டிருந்தது.

வீரமணி தெரிந்த பெட்டிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பெரம்பலூர்ப் பெட்டி வெளியே போயிருந்தது, அரியலூர்ப் பெட்டியும் வெளியே. இந்த வெயில் கிழங்களை விட்டுவைப்பதில்லை. அவருக்குத் தெரிந்து நல்ல ஆர் 22 பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது பரிமளாவின் அறையில்.

பரிமளா கல்யாணத்துக்கு முன்பிருந்தே முந்திரி உடைக்கப் போனவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு இரண்டு கையும் வெந்து தோல் உரிந்து போயிருந்தது. குளிர்காலத்தில் சமாளித்துவிடுவாள். வெயில் வந்தால் கை நெருப்பாக எரியும், சொறியவும் முடியாது, தூங்கவும் முடியாது. ஒரு பேங்கில் கழித்துப் போட்ட ஏசியை வீரமணி அவளுக்காகச் சரிசெய்து மாட்டியிருந்தார். தெருவில் அந்த வீட்டில் மட்டும்தான் ஏசி. "ஐஸ்பொட்டிக்காரன் பொண்டாட்டிய இப்பவே பழக்குறான்" என்று ஊரில் கிண்டல். பரிமளாவும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த வீரமணியின் கருகிய புருவத்தை அவள் பார்த்தாள். கையில் இருந்த கேஸ் பிடிக்கும் மிஷினையும் பார்த்தாள்.

"யாரு?"

"தா.பழூர்ல ஒரு அம்மா. மவ குவைத்துலேருந்து வருது. நாளைக்குக் காலையில." அவர் கண் ஏசியின் மேல் இருந்தது. "வேற எங்கயும் கெடைக்கல பரிமளா."

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொன்னா கேக்கவா போறீங்க?" என்றவள், அவளே போய் பிளக்கைப் பிடுங்கினாள். "எடுத்துட்டுப் போங்க. அந்தப் புள்ளயாவது பாக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் பெட்டி மறுபடி ஓடியது. சுந்தராம்பாள் விளக்கை ஏற்றி, இனிமேல் யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்பதுபோல உட்கார்ந்தாள். ஆனால் நடுவில் போன நேரம் போனதுதான். கண்ணாடி வழியாக வீரமணி முகத்தைப் பார்த்தார். ஒரு கன்னம் கறுத்து, உதடு தடித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவர் கெடவிட்ட முதல் முகம்.

பூவிழி மறுநாள் காலை வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வந்த காரின் கதவைச் சாத்தாமலே ஓடி வந்தாள். மூடியைத் திறந்ததும் குளிர்ந்த முகத்தில் வெளிக்காற்று பட்டு முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். பிள்ளைகள் பார்ப்பதற்கு முன் வீரமணி துண்டால் துடைத்துவிடுவது வழக்கம். அன்று அவருக்குக் கை எழவில்லை.

"அத்தே, அம்மாவுக்கு வேர்த்திருக்கு" என்றாள் பூவிழி.

வீரமணி துண்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நெற்றி, கன்னம், கழுத்து என்று மெதுவாக, வேலையிலிருந்து வந்தவளைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். கறுத்த கன்னத்தில் அவள் கை நின்றது.

"ஏன் இப்படிக் கறுத்துட்டாங்க? அண்ணே, பொட்டி நல்லாத்தானே ஓடுச்சு?"

வீரமணி வாயைத் திறந்தார். அங்கமுத்து தன் சுட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடாம என்னடி?" என்று சுந்தராம்பாள் குறுக்கே வந்தாள். "சித்திர வெயில்ல நடவு, களயெடுப்புன்னு கெடந்தவ கறுக்காம உன்னையாட்டம் ஏசியிலயா இருந்தா? மாலயப் போடு."

பூவிழி நம்பினாளா என்று தெரியாது. நர்ஸ் அவள்; எத்தனையோ உடல்களைப் பார்த்திருப்பாள். மாலையைப் போட்டுவிட்டு அம்மாவின் உதட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குவைத்துக்குக் கொண்டுபோகப் போவது அந்த உதட்டைத்தான் என்று வீரமணிக்குத் தெரிந்தது. அவருக்கு அம்மாவின் அந்த செல்போன் போட்டோ மாதிரி.

அன்று பெட்டியை ஏற்றி அவர் கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. வழக்கம்தான். ஆனால் வெகுதூரம் வரை அவருக்கு, திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது. எழவு வீட்டுக்குத் திரும்பிப் போவது முறையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

தமிழ்மாறனுக்கு போன் போட்டதற்கு, "நானும் ஏமாந்தவன்தாண்ணே. சென்னையிலேருந்து அனுப்புறான், அவனுக்கு எங்கேயிருந்தோ வருது" என்றான். அந்த எங்கேயிருந்தோவைப் பிடித்து அடிக்க வீரமணியிடம் வழியில்லை. பச்சை சிலிண்டர் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. விற்கவும் முடியாது, வீட்டுக்குள் வைக்கவும் முடியாது. கோழி ஏறி உட்காருகிறது.

பரிமளாவின் அறையில் ஏசி மாட்டிய இடத்தில் ஏசி அப்படியே இருக்கிறது, வெறும் டப்பாவாக. வேறு கேஸ் கிடைத்ததும் அடித்துவிடலாம் என்று அவர் சொன்னார். அவளும் சரி என்றாள். வானத்துப் போர்வை ஒருநாள் ஆறிவிடுமாம், வகுப்பில் சொன்னார்கள். அதுவரை அவள் கைகளில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தரையில் படுக்கிறாள்.

வைகாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. ஒரு மத்தியானம் போன் வந்தது. வீரமணி பனியனை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

"ஏங்க" என்றாள் பரிமளா கண்ணைத் திறக்காமலே. "இன்னைக்கு என் குளுரு யார் வூட்டுக்குப் போவுது?"

"ரஞ்சன்குடி. மவன் சிங்கப்பூர்லேருந்து வரணுமாம்."

"அப்ப சீக்கிரம் போங்க."

வண்டி வரை போனவர் திரும்பி வந்தார். அவள் கையில் காய்ந்துபோயிருந்த துணியை அவிழ்த்து, பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி சுற்றிவிட்டார். எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். தெருவில் நாய் குரைக்கவில்லை.